எந்த லைனை இன்வர்ட்டரில் போடணும்?

புயல் அடித்த மறுநாள் ஜெனரேட்டர் தேடி ஓடும் மெல்போர்ன், சிட்னித் தமிழ் வீடுகளுக்கு ஒரு கணக்கு

2024 பிப்ரவரி 14, புதன்கிழமை காலை. மெல்போர்னின் தென்கிழக்கில் ஒரு பெரிய ஹார்ட்வேர் கடை. கதவைத் திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ஜெனரேட்டர் அடுக்கியிருந்த இடத்தில் நான்கே பெட்டிகள் மிச்சம். சுற்றிலும் இருபது பேர். ராத்திரி முழுக்கத் தூங்காத முகங்கள்.

அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், இருப்பதிலேயே பெரிய பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றார். 7 கேவிஏ. தூக்க இரண்டு ஆள் போதாது. காதில் போன், மறுமுனையில் அவர் மனைவி. ஃப்ரீசரில் ஒரு மாதத்துக்கு வாங்கிப் போட்ட மீனும் ஆட்டிறைச்சியும் என்ன கதி ஆகுமோ என்ற கவலை இந்தப் பக்கம் வரைக்கும் கேட்டது. என்னைப் பார்த்ததும் போனைத் தாழ்த்தினார்.

“தம்பி தமிழா? நாலு பெட்ரூம் வீடு. எத்தனை கேவிஏ எடுக்கிறது?”

எனக்குத் தெரியவில்லை. நானும் அதே கேள்வியோடுதான் வந்திருந்தேன். கடை ஊழியரும் அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார்: பெரிய வீடென்றால் பெரிதாக எடுங்கள். அண்ணன் பெரியதை வாங்கிக்கொண்டு போனார். நான் வெறுங்கையோடு திரும்பினேன். அந்தக் கேள்வியே தவறு என்பது பிறகு படித்தும், எலக்ட்ரீஷியன்களிடம் கேட்டும், எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தும்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் எத்தனை பெட்ரூம் என்பதற்கும் ஜெனரேட்டரின் அளவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நமக்குத் தெரிந்த கேள்விதான்

2008 முதல் ஐந்தாறு வருடங்கள் தமிழ்நாட்டில் குடியிருந்தவர்களுக்குக் கரண்ட் கட் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தெருவுக்கு நாலு வீட்டில் இன்வர்ட்டர் வந்த காலம் அது. பொருத்த வந்த எலக்ட்ரீஷியன் வீட்டில் எத்தனை அறை என்று கேட்டதே இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எந்த லைனை இன்வர்ட்டரில் போடணும்?”

ஹாலில் ஒரு ஃபேன், படுக்கை அறையில் ஒரு ஃபேன், சமையலறை விளக்கு, டிவி. கிரைண்டர் வேண்டாம், மோட்டார் வேண்டாம், அயர்ன் பாக்ஸை நினைத்தே பார்க்காதே. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரி ஒன்றில் அடங்குவது ஏறத்தாழ 1.8 யூனிட் மின்சாரம். அதை வைத்துக் குடும்பமே இரவைக் கடத்தியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களிடம் இன்னும் பழைய கணக்கு உண்டு. 1990-இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் குடாநாட்டில் ஆண்டுக்கணக்கில் கரண்ட் இல்லை. பெட்ரோல் தடைப்பட்ட பொருள். மோட்டார் சைக்கிளே மண்ணெண்ணெயில் ஓடியது. ரேடியோவில் செய்தி கேட்க ஒருவர் சைக்கிள் டைனமோவைச் சுற்றுவார், மற்றவர்கள் சூழ்ந்து உட்காருவார்கள். எது முக்கியம் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்திரேலியா வந்ததும் இந்த அறிவு நம் கையை விட்டுப் போய்விட்டது. சுவிட்சைத் தட்டினால் எல்லாமே எரிகிற ஊரில், கரண்ட் போனாலும் எல்லாமே எரிய வேண்டும் என்று மனம் கேட்கிறது. ஹார்ட்வேர் கடையில் நடக்கும் தவறுகளின் வேர் அங்கேதான் இருக்கிறது.

மூன்று வாரம் இருட்டில் ஒரு மலை

இங்கே மின்வெட்டு என்றால் இரண்டு மணி நேரம் என்று நாம் பழகியிருக்கிறோம். அந்த நம்பிக்கையை 2021 ஜூன் 9-ஆம் தேதி இரவு டாண்டினாங் மலையில் வீசிய காற்று உடைத்தது. வழக்கமான திசையில் வராமல் கிழக்கு, தென்கிழக்கிலிருந்து வீசிய காற்று அது. மழையில் ஊறிய மண்ணில் நின்ற மவுண்டன் ஆஷ் மரங்கள் வேரோடு சாய்ந்தன. உலகின் மிக உயரமான மர வகைகளில் ஒன்று. விழுந்தால் வீடும் கம்பமும் சாலையும் சேர்ந்தே போகும். கலோரமா, மவுண்ட் டாண்டினாங், ஒலிண்டா, சசாஃப்ராஸ் என்று நாம் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பனிமூட்டமும் பூந்தோட்டமும் காட்டும் ஊர்கள். மலையடிவாரத்தில், தி பேசினில், நம் வக்ரதுண்ட விநாயகர் கோயில்.

விக்டோரியா முழுவதும் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகள் அந்தப் புயலில் மின்சாரம் இழந்தன. 72 மணி நேரம் கழித்தும் 68,000 இணைப்புகளுக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்தும் 9,000. மலையில் சில வீடுகள் மூன்று வாரம் காத்திருந்தன, அதுவும் நடுக்குளிர்காலத்தில். காலிஸ்டா, ஷெர்புரூக், தி பேட்ச் பகுதிகளில் குழாய் நீரைக் கொதிக்கவைத்துக்கூடக் குடிக்காதீர்கள் என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டது. தண்ணீர் அமைப்பின் கருவிகளையும் புயல் பாதித்திருந்தது. மொபைல் கோபுரங்களின் பேட்டரி சில மணி நேரமே தாங்கும். அதன் பிறகு போனும் ஊமை.

அதே ஆண்டு அக்டோபர் 29-இல் மறுபடியும் புயல். இம்முறை 5 லட்சத்துக்கும் மேல். 2024 பிப்ரவரி 13-இல் அனாக்கி அருகே 500 கிலோவோல்ட் லைனின் ஆறு ராட்சதக் கோபுரங்கள் மடங்கி விழுந்தன. லோய் யாங் ஏ அனல்மின் நிலையம் கிரிட்டிலிருந்து கழன்றது. டிவி திரும்பத் திரும்பக் காட்டியது கோபுரங்களைத்தான். ஆனால் இருட்டில் கிடந்த 5 லட்சத்து 30 ஆயிரம் வீடுகள், கடைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தெருக்கோடியில் மரம் விழுந்து அறுந்த கம்பிதான். கோபுரக் கோளாறில் கழன்றதை அன்றே பெரும்பாலும் திரும்பச் சேர்க்க முடிந்தது. தெருக்கம்பியை ஒவ்வொன்றாக ஏணி வைத்து ஏறித்தான் சரிசெய்ய முடியும். மிர்பூ நார்த் போன்ற சிற்றூர்கள் நாள் கணக்கில் காத்திருந்தன.

ஜெனரேட்டர் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் தெருவில் மின்சாரம் போனால் இரண்டு மணி நேரத்தில் வருமா, இரண்டு நாளா, இரண்டு வாரமா? டார்னீட்டிலோ கிரேகிபர்னிலோ கம்பிகள் மண்ணுக்கடியில் ஓடும் புதுக் குடியிருப்புக்காரருக்கு ஒரு விடை. மலைச்சரிவில் மரங்களுக்கு நடுவே இருப்பவருக்கு வேறு விடை. முன்னவருக்கு ஜெனரேட்டரே தேவையில்லாமல் இருக்கலாம்.

┌──────────
பெட்டிச் செய்தி: சிட்னியின் கணக்கு

2015 ஏப்ரல் 20 முதல் 22 வரை கிழக்குக் கரையைத் தாக்கிய தாழ்வழுத்தப் புயலில் சிட்னி, ஹன்டர் பகுதிகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இருண்டன. 2025 ஜனவரி 15 புயலிலும் நியூ சவுத் வேல்ஸில் 2 லட்சத்துக்கு மேல்.

மெல்போர்னின் பயம் குளிர் என்றால் மேற்குச் சிட்னியின் பயம் வெயில். 2020 ஜனவரி 4 அன்று பென்ரித்தில் 48.9 டிகிரி செல்சியஸ். வென்ட்வர்த்வில், டூங்காபி, ஸ்கோஃபீல்ட்ஸ் வட்டாரத் தமிழ் வீடுகள் அங்கிருந்து அதிக தூரமில்லை. வயதான அப்பா அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வீட்டில், ஏசி ஓடும் ஓர் அறை அத்தியாவசியப் பட்டியலில்தான் வரும்.
──────────┘

வாட் என்ன சொல்கிறது

ஒரு தாளை எடுங்கள். கரண்ட் போனால் எது எரிய வேண்டும், எது ஓட வேண்டும் என்று எழுதுங்கள். பக்கத்தில் ஒவ்வொன்றும் இழுக்கும் வாட். பெரும்பாலான கருவிகளின் பின்பக்க லேபிளில் அது இருக்கும்.

எங்கள் வீட்டுத் தாள் இப்படி இருந்தது. பெரிய ஃப்ரிட்ஜ் 200. கராஜில் நிற்கும் ஃப்ரீசர் 150. எல்இடி விளக்குகள் பத்து சேர்ந்து 90. இன்டர்நெட் மோடமும் என்பிஎன் பெட்டியும் 30. போன், லேப்டாப் சார்ஜர்கள் 150. டிவி 100. கூட்டினால் 720 வாட். நாலு பெட்ரூம் வீட்டின் உயிர்நாடி இவ்வளவுதான் என்று பார்த்தபோது எனக்கே நம்ப முடியவில்லை.

ஆனால் கூட்டல் அங்கே முடிவதில்லை. மோட்டாரும் கம்ப்ரஸரும் உள்ள எந்தக் கருவியும் கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் மூன்று முதல் ஆறு மடங்கு இழுக்கும். நின்ற மாட்டுவண்டியை நகர்த்துவதுதான் பாடு, நகர்ந்தபின் சுலபம். 200 வாட் ஃப்ரிட்ஜ் அந்த அரை விநாடியில் 1,000 வாட் கேட்கலாம். அதனால் ஓடுகிற மொத்தத்தோடு, கிளம்பும்போது அதிகம் கேட்கும் ஒரே ஒரு கருவியின் கூடுதல் தேவையைச் சேர்க்க வேண்டும். எல்லாமே ஒரே நொடியில் கிளம்பாது. எங்கள் கணக்கில் 720-உடன் 800. ஆக 1,520 வாட்.

அப்படியென்றால் 2 கேவிஏ வகை போதும். அந்த வகையில் இங்கே பலரும் வாங்கும் ஹோண்டா இயு22ஐ தொடர்ந்து தருவது 1,800 வாட். சிறிது நேரத்துக்கு 2,200. எடை 21 கிலோ சொச்சம். ஒரு கையில் தூக்கலாம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவது உச்ச அளவு. தொடர்ந்து தருவது சிறிய எழுத்தில் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது சிறிய எழுத்தை. கேவிஏ என்று மட்டும் போட்டிருந்தால், எத்தனை கிலோவாட் என்று கேளுங்கள். பல பழைய பாணி ஜெனரேட்டர்களில் கேவிஏவை 0.8-ஆல் பெருக்கினால் வருவதே கிலோவாட்.

இன்னொரு சொல்லும் நம்மைக் குழப்பும். ஊரில் இன்வர்ட்டர் என்றால் பேட்டரிப் பெட்டி. இங்கே கடையில் இன்வர்ட்டர் ஜெனரேட்டர் என்றால் பெட்ரோலில் ஓடும் எஞ்சின்தான். அது தரும் மின்சாரத்தை ஒரு மின்னணுச் சுற்று சீராக்கித் தருகிறது. லேப்டாப், மோடம், புது ஃப்ரிட்ஜின் சர்க்யூட் போர்டு எல்லாவற்றுக்கும் அந்தச் சீரான மின்சாரம் நல்லது. சத்தமும் குறைவு, சுமை குறைந்தால் எஞ்சின் வேகமும் குறையும். கட்டட வேலைத்தளங்களில் பார்க்கும் திறந்த சட்டக ஜெனரேட்டர் விலை குறைவு, ஆனால் எவ்வளவு குறைந்த சுமையிலும் ஒரே வேகத்தில் அலறும்.

பட்டியலைப் பெரிதாக்கும் நான்கு கருவிகள்

முதலாவது, கெட்டில். 2,200 முதல் 2,400 வாட். ஒரு டம்ளர் தேநீருக்காக ஜெனரேட்டரின் அளவை இரட்டிப்பாக்குவது அது ஒன்றுதான். கேஸ் அடுப்பு இருந்தால் பாத்திரத்தில் கொதிக்கவையுங்கள்.

இரண்டாவது, சுடுதண்ணீர்த் தொட்டி. சாதாரண மின் ஹீட்டர் 3,600 வாட்.

மூன்றாவது, வீடு முழுவதையும் குளிர்விக்கும் டக்ட் ஏசி. 4,000, 5,000 வாட் என்று போகும். ஒரு படுக்கை அறைக்கான சிறிய ஸ்ப்ளிட் ஏசி 700 வாட்டில் முடிந்துவிடும். ஏசி வேண்டுமா என்பதைவிட எந்த அறையில் எல்லோரும் படுப்பது என்பதே இங்கே முடிவு செய்ய வேண்டியது. மொட்டை மாடியில் பாய் விரித்துக் குடும்பமே ஒன்றாகப் படுத்த தலைமுறை நாம். ஓர் அறை நமக்குப் புதிதல்ல.

நான்காவதுதான் எனக்குக் கவலை தருவது: மின் அடுப்பு. விக்டோரியாவில் 2024 ஜனவரி 1 முதல், திட்ட அனுமதி தேவைப்படும் புது வீடுகளுக்குக் கேஸ் இணைப்பு கிடையாது. சுற்றுச்சூழலுக்கு நல்ல முடிவு. நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மின்சாரம் போன இரவில் அந்த வீட்டில் சோறு வைக்க முடியாது, வெந்நீர் வைக்க முடியாது, குளிர்காய முடியாது. பழைய வீட்டில் கரண்ட் போனால் விளக்குதான் போனது. புது வீட்டில் சமையலறையே போகிறது. இண்டக்ஷன் அடுப்பின் ஒரு கண் 2,000 வாட்டைத் தாண்டும். அதற்காக 5 கேவிஏ வாங்குவதைவிட, முகாமுக்குப் போகும்போது கொண்டுபோகும் சிறு கேஸ் அடுப்பை வாங்கி, வெளியே வைத்துச் சமைப்பது சரி. வீட்டுக்குள் வேண்டாம், அதன் காரணம் சற்றுக் கீழே. 700 வாட் ரைஸ் குக்கரோ ஃப்ரீசரை அணைத்துவிட்டு 2 கேவிஏவிலேயே ஓடும். 150 வாட் மாவரைக்கும் டேபிள்டாப் கிரைண்டரும் அப்படித்தான்.

மெல்போர்னின் பழைய கேஸ் வீடுகளிலும் ஒரு வலை இருக்கிறது. கேஸ் டக்ட் ஹீட்டரின் காற்றாடி 300 முதல் 500 வாட் கரண்டில் ஓடுகிறது. தொட்டியில்லாத கேஸ் வெந்நீர்ப் பெட்டியும் பற்றவைக்கக் கரண்ட் கேட்கும். கேஸ் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஜூலை இரவில் 4 டிகிரியில் நடுங்க வேண்டிவரும். அந்த 500 வாட்டைச் சேர்த்தால் எங்கள் 1,520, 2,020 ஆகிறது. அப்போது 3 கேவிஏ வகைக்குப் போவது நியாயம்.

பெரியதன் விலை கடையில் முடிவதில்லை

கைக்கு இருக்கட்டுமே, பெரியதாகவே வாங்குவோம் என்று தோன்றும். பெட்ரோல் கணக்கைப் பார்த்தபின் எனக்கு அந்த எண்ணம் விட்டுப்போயிற்று.

நான் சொன்ன ஹோண்டாவின் டேங்க் 3.6 லிட்டர். முழுச் சுமையில் 3 மணி நேரம் சொச்சம் ஓடும். கால் சுமையில் 8 மணி நேரம். ஃப்ரிட்ஜும் ஃப்ரீசரும் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. காலையில் இரண்டு மணி நேரம், மதியம் இரண்டு, மாலையில் நான்கு என்று ஓட்டினால் குளிர் நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு டேங்க். கலோரமாவைப்போல் மூன்று வாரம் என்றாலும் சுமார் 75 லிட்டர்.

7 கேவிஏ திறந்த சட்டக ஜெனரேட்டர், அதே ஃப்ரிட்ஜையும் அதே பத்து விளக்கையும் ஓட்ட மணிக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். அதே எட்டு மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு 12 லிட்டர். மூன்று வாரத்துக்கு 250 லிட்டர். சாலையில் மரம் விழுந்து கிடக்கும்போது, பெட்ரோல் பங்கின் பம்புக்கே கரண்ட் இல்லாதபோது, இதை எங்கிருந்து கொண்டுவருவது? வீட்டில் சேர்த்துவைக்கலாம் என்றால் அது பயங்கரமான யோசனை. பெட்ரோல் சில மாதங்களில் கெட்டும் போகும். பசைபோல் படிந்து கார்புரேட்டரை அடைக்கும்.

டீசல் ஜெனரேட்டர் வாங்குபவர்களுக்கு இன்னொன்று. கொள்ளளவில் 30 சதவீதத்துக்கும் கீழான சுமையிலேயே தொடர்ந்து ஓட்டினால் எரிபொருள் முழுதாக எரியாமல் கரியும் எண்ணெயுமாக எஞ்சினுக்குள் படியும். குறைந்த வேலை கொடுத்தே பெரிய எஞ்சினைக் கெடுக்கலாம்.

பிறகு சத்தம். சிட்னியிலும் மெல்போர்னிலும் பக்கத்து வீட்டுப் படுக்கை அறைக்கும் நம் வேலிக்கும் நடுவே மூன்று மீட்டர்கூட இருக்காது. கவுன்சிலுக்குப் புகார் போவது இரண்டாம் பட்சம். அதே இருட்டில் கிடக்கும் அந்தக் குடும்பத்தின் தூக்கத்தை நாம் பறிக்கிறோம்.

┌──────────
பெட்டிச் செய்தி: ஒரு பார்வையில்

1 கேவிஏ: விளக்கு, போன், மோடம், லேப்டாப். ஃப்ரிட்ஜை நம்ப முடியாது.
2 கேவிஏ: மேற்கண்டவற்றோடு ஃப்ரிட்ஜ், ஃப்ரீசர். முறைவைத்துப் போட்டால் ரைஸ் குக்கரும் மிக்ஸியும்.
3 கேவிஏ: இவற்றோடு கேஸ் ஹீட்டர் காற்றாடி, அல்லது ஓர் அறை ஏசி, அல்லது மழைநீர்த் தொட்டியின் பம்ப்.
5 முதல் 7 கேவிஏ: ஆழ்துளைப் பம்ப், நிலத்தில் விவசாயம், வீட்டிலேயே தொழில் உள்ளவர்களுக்கு.
அதற்கு மேல்: முழு வீடும். சிமெண்ட் மேடை, தானியங்கி மாற்றுப் பலகை, லைசென்ஸ் எலக்ட்ரீஷியன், ஆண்டு சர்வீஸ் எல்லாம் சேர்ந்த முதலீடு.

திறக்காமல் வைத்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் குளிர் காக்கும்.
──────────┘

உயிர் போகும் இரண்டு வழிகள்

அளவைப் பற்றி எழுதச் சொன்னால் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இதை எழுதாமல் அந்தக் கணக்கைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒன்று, புகை. ஜெனரேட்டர் கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒரு சிறு ஜெனரேட்டர் நூற்றுக்கணக்கான கார்கள் அளவுக்கு அதை வெளியிடும் என்று அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரிக்கிறது. அந்நாட்டில் ஜெனரேட்டர் புகையால் ஆண்டுதோறும் ஏறக்குறைய 100 பேர் சாகிறார்கள். புயல் ஓய்ந்த பிறகு, வீட்டுக்குள், பல சமயம் தூக்கத்தில். மழை பெய்கிறதே, திருடுபோகுமே என்று கராஜுக்குள் வைப்பவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள். கதவைத் திறந்துவைத்தாலும் போதாது. பால்கனியும் கூடாது, கூரை போட்ட பின்கட்டும் கூடாது. வீட்டிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, புகைக்குழாய் எதிர்ப்பக்கம் பார்க்க, சன்னல்கள் மூடி. வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று. தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே ஓட வேண்டும். கேஸ் அடுப்பையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான்.

இரண்டாவது, பின்னோக்கிப் பாயும் கரண்ட். இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரைச் செய்து, ஜெனரேட்டரிலிருந்து சுவரின் பாயிண்டுக்குள் செருகினால் வீடு முழுக்க எரியும் என்று யாராவது சொல்வார்கள். எரியும். கூடவே அந்தக் கரண்ட் மீட்டரைத் தாண்டித் தெருவுக்கும் போகும். தெருவின் டிரான்ஸ்ஃபார்மர் அதை அப்படியே தலைகீழாக மாற்றும். உங்கள் வீட்டின் 230 வோல்ட், சிட்னியில் 11,000 ஆகவும், மெல்போர்னின் புறநகரில் 22,000 ஆகவும் கம்பியில் ஏறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் தொழிலாளியின் கையில் அது முடியும். நமக்குக் கரண்ட் கொண்டுவர மழையில் ஏறியவர் அவர்.

சுவரின் வழியாக வீட்டு வயரிங்குக்குக் கரண்ட் கொடுக்க வேண்டுமானால் ஒரே வழி சேஞ்ச்ஓவர் சுவிட்ச். தெரு அல்லது ஜெனரேட்டர், இரண்டில் ஒன்றுதான் வீட்டோடு சேர முடியும். இதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும். வேலை முடிந்ததும் சான்றிதழ் கேட்டு வாங்கிவையுங்கள். ஊரில் நாமே வயரிங் வேலை பார்த்துப் பழகியிருப்போம். இங்கே அது சட்டவிரோதம், வீட்டு இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். அதற்குச் செலவழிக்க மனமில்லையென்றால் ஜெனரேட்டரிலிருந்து நேராக எக்ஸ்டென்ஷன் வயர், அதில் ஃப்ரிட்ஜ். தடிமனான, வெளிப்புறத்துக்கான வயர். சுருளை முழுதாகப் பிரித்துப் போட வேண்டும், சுருட்டியபடி விட்டால் சூடேறி உருகும்.

கூரையில் சூரியன், வீட்டில் இருட்டு

ஆஸ்திரேலியாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில் சோலார் இருக்கிறது. பளீரென்று வெயில் அடிக்கும் பகலில் மின்வெட்டு வந்தால், இவர்களில் பெரும்பாலோர் வீட்டிலும் மின்சாரம் இருக்காது. இதைக் கேட்டு அதிராத சோலார்க்காரரை நான் பார்த்ததில்லை. காரணம் மேலே சொன்ன அதே கம்பத்துத் தொழிலாளி. தெருவில் கரண்ட் நின்றால் சோலார் இன்வர்ட்டரும் தானாக நிற்க வேண்டும் என்பது விதி.

பேட்டரி இருந்தால் மாறும். 2025 ஜூலை 1 முதல் மத்திய அரசின் மானியத் திட்டம் வீட்டு பேட்டரி விலையில் தொடக்கத்தில் சுமார் 30 சதவீதம் குறைத்தது. நம்மவர்களும் வரிசையில் நின்றார்கள். ஆனால் பேட்டரி இருப்பதும் மின்வெட்டில் அது வீட்டை ஓட்டுவதும் ஒன்றல்ல. பேக்கப் வசதியைத் தனியாகக் கேட்டு, தனி வயரிங் செய்திருந்தால்தான் ஓடும். கையெழுத்து போடும் முன் கேளுங்கள்: எந்த சர்க்யூட்டுகள் பேக்கப்பில்? ஒரே நேரத்தில் எத்தனை கிலோவாட் தரும்? மின்வெட்டின்போதும் சோலார் அந்தப் பேட்டரியை நிரப்புமா? ஊர் எலக்ட்ரீஷியனின் கேள்விதான், கோட் சூட் போட்டு வந்திருக்கிறது.

13.5 யூனிட் பேட்டரியை என் 720 வாட் பட்டியலுக்குக் கொடுத்தால், ஃப்ரிட்ஜ் விட்டுவிட்டுத்தான் ஓடும் என்பதால், ஒரு நாளைத் தாராளமாகத் தாண்டும். மறுநாள் வெயில் வந்தால் மறுபடி நிரம்பும். சத்தம் இல்லை, புகை இல்லை, ஜெர்ரி கேன் தூக்க வேண்டாம். வாங்கக் கூடியவர்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். பெட்ரோல் ஜெனரேட்டர் மரங்களுக்கு நடுவே, மழைநாட்கள் நீளும் இடத்தில் இருப்பவர்களுக்கு. சில மின்கார்களின் பேட்டரியிலிருந்தும் பிளக் போட்டு எடுக்கலாம். ஹியூண்டாய் ஐயானிக் 5 அப்படி 3.6 கிலோவாட் வரை தரும். வாசலில் நிற்கும் கார் நாலைந்து நாளைக்கு ஃப்ரிட்ஜை ஓட்டும் என்பது பலருக்குத் தெரியவே தெரியாது.

வெஸ்ட்மீட், பாராமட்டா அடுக்குமாடிக்காரர்களுக்குப் பெட்ரோல் ஜெனரேட்டர் என்ற பேச்சே இல்லை. கையில் தூக்கும் பேட்டரிப் பெட்டி ஒன்று, 1 அல்லது 2 யூனிட் கொள்ளளவில். மோடம், போன், விளக்குகளை ஓரிரண்டு நாள் தாங்கும். லிஃப்ட் நின்றால் பன்னிரண்டாம் மாடிக்கு ஏற முடியாத பாட்டியைப் பற்றித்தான் அங்கே முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

மூச்சைத் தாங்கும் கருவிகள்

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியோ, வீட்டு டயாலிசிஸ் கருவியோ இருந்தால் மற்ற கணக்கெல்லாம் அப்புறம். மின் விற்பனை நிறுவனத்திடமோ, விநியோக நிறுவனத்திடமோ உயிர்காப்புக் கருவி உள்ள வீடு என்று பதிவு செய்யுங்கள்; மருத்துவர் கையெழுத்து வேண்டும். சிட்னியில் ஆஸ்கிரிட், எண்டவர்; மெல்போர்னில் ஆஸ்நெட், ஜெமினா, பவர்கோர், சிட்டிபவர், யுனைடெட் எனர்ஜி. திட்டமிட்ட மின்தடையை அவர்கள் முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். புயலில் அறுந்த கம்பிக்கு இந்தப் பதிவு உத்தரவாதம் தராது. எத்தனை மணி நேரம் தாங்கலாம், எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை மருத்துவரோடு எழுதிவைக்க வேண்டும். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்கான சிபேப் கருவி பெரும்பாலும் 30 முதல் 60 வாட். சிறு பேட்டரிப் பெட்டியே ஓர் இரவைத் தாங்கும். ஐந்து லிட்டர் ஆக்சிஜன் செறிவூட்டி 350 வாட் வரை இழுக்கும், இரவும் பகலும். அதற்கு ஜெனரேட்டரும் பேட்டரியும் இரண்டுமே வேண்டும்.

நீண்ட மின்தடைக்கு அரசு பணம் தந்ததும் உண்டு. 2021-இல் விக்டோரியாவில் ஒரு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாத வீடுகளுக்கு வாரம் 1,680 டாலர், 2024-இல் 1,920. இழந்ததற்கு ஈடு என்று யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் விண்ணப்பிக்காமலே விட்டுவிடாதீர்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை

கடைசியில் நாங்கள் 2 கேவிஏ வாங்கினோம். வாங்கிய வாரமே ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மெயின் சுவிட்சை நானே அணைத்தேன். எட்டு மணி வரை யாரும் தொடக் கூடாது என்று ஏற்பாடு.

முதல் பத்து நிமிடத்தில் தெரிந்தது: ஜெனரேட்டர் கராஜில், கராஜ் கதவு கரண்டில். கையால் திறக்கும் சிவப்புக் கயிறு எது என்று டார்ச் வெளிச்சத்தில் தேடினோம். அடுத்து, பதினைந்து மீட்டர் வயர் சமையலறைக்கு எட்டவில்லை. பிறகு மனைவி குக்கரில் அரிசி போட்ட நேரம் பார்த்து ஃப்ரீசர் கிளம்ப, அதிக சுமைக்கான சிவப்பு விளக்கு எரிந்து எல்லாம் நின்றது. ஒன்றை அணைத்து, ஒன்றைப் போட்டு, மறுபடி ஓட்டினோம். அப்பாவுக்கு அது பழைய நாட்களைக் கொண்டுவந்திருக்க வேண்டும். எந்த நேரம் எது ஓடலாம் என்று அவரே மேற்பார்வை எடுத்துக்கொண்டார். ஏழரை மணிக்குப் பக்கத்து வீட்டு மூதாட்டி, கரண்ட் போய்விட்டதா என்று வேலியருகே வந்து விசாரித்தார். அவர் தூங்கும்போது போடும் சிபேப் கருவியைப் பற்றி எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

இப்போது மாதத்தில் ஒரு முறை அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கிறோம். பழைய பெட்ரோல் காருக்குள் போகிறது, புதியது கேனுக்குள். ஃப்ரிட்ஜ் கதவில் மகள் எழுதி ஒட்டிய தாள் இருக்கிறது. கராஜ் கதவுக்குச் சிவப்புக் கயிறு. முதலில் ஃப்ரிட்ஜ், ஒரு நிமிடம் கழித்து ஃப்ரீசர். அம்மா குக்கர் போட்டால் ஃப்ரீசர் ஆஃப். கெட்டில் கூடவே கூடாது. அதன் கீழே, வேறு நிறப் பேனாவில்: பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 60 வாட், இரவு ஒன்பது மணிக்கு மேல்.